செம்புச் சத்து மாத்திரை: எந்த உப்பு, எத்தனை மில்லிகிராம்?

வாசகர் கேள்வி – பதில்

செம்புச் சத்து பற்றி வந்த கடிதங்கள் தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. சீர்வரிசையில் வந்த செம்பும் பித்தளையும் இல்லாத வீடு அங்கே குறைவு என்பதால், மாத்திரைக் கேள்வியோடு பாத்திரக் கேள்வியும் கலந்தே வந்திருக்கிறது. ஓர் ஆட்டுக் கேள்வியும் உண்டு. எல்லாவற்றுக்கும் இந்த இதழிலேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

*

இரைப்பை பைபாஸ் அறுவை செய்து ஒரு வருஷம் ஆகிறது. டாக்டர் "காப்பர் 2 மி.கி. தினம் ஒன்று" என்று எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் மூன்று டப்பாவை எடுத்து வைக்கிறார்கள். ஒன்றில் குப்ரிக் ஆக்சைடு, ஒன்றில் காப்பர் குளுக்கோனேட், விலை கூடிய இன்னொன்றில் பிஸ்கிளைசினேட். எதை வாங்குவது?
— வாசகர், காரைக்குடி

குளுக்கோனேட்டை வாங்குங்கள். செம்பு உடம்பில் சேருவது இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும்தான். பைபாஸ் செய்தவருக்குச் சாப்பாடு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் உங்களுக்கு மாத்திரை உண்மையிலேயே தேவை. 2 மி.கி. என்பதும் இந்த அறுவைக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் அளவுதான்.

குப்ரிக் ஆக்சைடை ஏன் ஒதுக்கச் சொல்கிறோம் என்றால், அது தண்ணீரில் கரையாத கருப்புத் தூள். அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும்; அதற்குள் குடலைத் தாண்டிவிடும். கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அதிலிருந்து உடம்பில் ஏறிய செம்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்படியும் பல சத்து மாத்திரைகளில் அது இருக்கக் காரணம், எடையில் 80 சதவீதம் செம்பு என்பதால் மாத்திரைக்குள் இடம் அடைக்காது, விலை குறைவு, பக்கத்தில் உள்ள வைட்டமின்களைக் கெடுக்காது. அட்டையில் எண் அழகாக வரும், ரத்தத்தில் வராது. உங்களைப் போல இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இது இன்னும் மோசம்.

பிஸ்கிளைசினேட் என்பது செம்பை கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்தது. 'கீலேட்' என்று விற்பதும் இந்த வகைதான். நல்ல பொருள்தான், வயிற்றுக்கும் இதம். ஆனால் 2 மி.கி. என்ற சிறிய அளவில் குளுக்கோனேட்டைவிட மனிதர்களுக்கு இது தெளிவாக மேல் என்று காட்டும் ஆதாரம் போதாது. குளுக்கோனேட் குமட்டினால் அப்போது இதற்கு மாறுங்கள். காப்பர் சல்பேட்டும் நன்றாகவே உடம்பில் சேரும். வயிற்றைப் பிரட்டுவது அதில் கொஞ்சம் கூடுதல். 'நானோ காப்பர்', 'கூழ்மச் செம்பு' என்று சொட்டு மருந்தாக வருவதைத் தொடவே வேண்டாம். ஒரு சொட்டில் எவ்வளவு என்பதற்கே உறுதி கிடையாது.

இனி அட்டையைப் படிக்கும் விதம். பலர் ஏமாறுவது இங்கேதான். மருத்துவர் எழுதிய 2 மி.கி. என்பது செம்பு உலோகத்தின் எடை. உப்பின் எடை அல்ல. காப்பர் குளுக்கோனேட்டில் செம்பு 14 சதவீதம். ஆகவே "காப்பர் (குளுக்கோனேட்டாக) 2 மி.கி." என்று இருந்தால் சரி. "காப்பர் குளுக்கோனேட் 2 மி.கி." என்று மட்டும் இருந்தால் அதில் செம்பு 0.28 மி.கி.தான்; அதை ஏழு போட்டால்தான் உங்கள் கணக்கு வரும். நீரேறிய காப்பர் சல்பேட்டில் (பெண்டாஹைட்ரேட்) கால் பங்கு செம்பு, பிஸ்கிளைசினேட்டில் 30 சதவீதத்தை ஒட்டி. உப்பா உலோகமா என்று அட்டையில் விளங்கவில்லையென்றால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணோ, மருந்தாக விற்பதென்றால் மருந்து உற்பத்தி உரிம எண்ணோ இல்லாததையும் வாங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்தவுடனோ போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் அரை மணிக்குள் வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் வரும். இரும்பு மாத்திரையையும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள். நீங்கள் போடும் பொதுச்சத்து மாத்திரையில் துத்தநாகம் எவ்வளவு என்றும் பாருங்கள். 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. செம்பு என்ற விகிதத்தை வைத்துக்கொள்வது அறுவை செய்தவர்களுக்கான வழிமுறை.

ஒரு அளவுகோலுக்குச் சொல்கிறோம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 0.9 மி.கி. போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. தாண்டக்கூடாத மேல் எல்லையாக அங்கே 10 மி.கி. வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் அதில் பாதிதான். அறுவையோ, சத்து ஏறாத குடல் நோயோ, துத்தநாகப் பழக்கமோ இல்லாதவருக்குச் செம்பு மாத்திரையே தேவைப்படாது.

*

எங்கள் அப்பத்தாவுக்கு 76 வயது. கோவிட் சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஆரம்பித்த 50 மி.கி. ஜிங்க் மாத்திரையை இன்றுவரை நிறுத்தவில்லை. போதாததற்குக் கண்ணுக்கென்று ஒரு மாத்திரை, அதில் ஜிங்க் 80, காப்பர் 2 என்று இருக்கிறது. ஆறு மாதமாக ரத்தச்சோகை, இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை. பாதம் மரத்துப்போய், வளவில் நடக்கையிலேயே தூணைப் பிடித்துக்கொள்கிறார்கள். வயசுதான் காரணம் என்கிறார்கள். அப்படியா?
— வாசகி, தேவகோட்டை

வயதின் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், அதாவது அதிகத் துத்தநாகம், இரும்புக்கு மசியாத ரத்தச்சோகை, பாதம் மரத்த தடுமாற்ற நடை, ஒன்றுசேர்ந்தால் செம்புக் குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இது. துத்தநாகம் அதிகமாக வந்தால் குடலின் உள்சுவர்ச் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறையத் தயாரிக்கும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். செல் சில நாளில் உதிரும்போது பிடித்த செம்பும் மலத்தோடு போய்விடும். தின்னும் சாப்பாட்டில் செம்பு இருந்தாலும் ரத்தத்துக்குள் நுழைவதில்லை. இவ்வளவு அதிகமாகப் போகும்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துப் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அந்தப் புரதம் நாள் முழுக்கக் குடல் சுவரிலேயே இருக்கிறது. பெரியவருக்குத் துத்தநாகத்தின் மேல் எல்லை 40 மி.கி. என்று வைத்ததே செம்பு குறைந்துபோவதைப் பார்த்துத்தான். அப்பத்தாவுக்கு மாத்திரையிலிருந்து மட்டும் 130 போகிறது.

கண் மாத்திரையில் இருக்கும் 2 மி.கி. செம்பு காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அந்தக் கலவை அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-இல் முடிவு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 80 மி.கி. துத்தநாகத்தால் ரத்தச்சோகை வரக்கூடாது என்றுதான் செம்பையும் சேர்த்தார்கள். ஆனால் சேர்த்த வடிவம் குப்ரிக் ஆக்சைடு. மேலே காரைக்குடி வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள். அட்டையைத் திருப்பி, அப்பத்தாவின் மாத்திரையிலும் அதுதானா என்று பாருங்கள். இன்னொன்று: அந்தக் கலவை விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய்க்கு, அதுவும் நடுத்தரக் கட்டத்தை எட்டியவர்களுக்கு. கண்புரை அறுவை முடிந்த எல்லாருக்கும் உரியது அல்ல. எதற்காகத் தொடங்கியது என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். பின்னால் நடந்த ஆய்வில் 25 மி.கி. துத்தநாகத்தோடும் ஒப்பிட்டார்கள், 80-க்கும் அதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை (வெள்ளை அணுவில் நியூட்ரோபில் குறைந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்), ரத்தச் செம்பு, செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்), ரத்தத் துத்தநாகம், வைட்டமின் பி12. பி12 குறைந்தாலும் இதே மாதிரிதான் பாதம் மரக்கும், தண்டுவடம் பாதிக்கும். பி12 ஊசி போட்டும் நடை தேறவில்லை என்று காலம் கடத்துகிறவர்களில் சிலருக்கு அடியில் இருப்பது செம்புக் குறைவு.

செம்புக் குறைவு உறுதியானால் துத்தநாகத்தை நிறுத்தி, செம்பை மருத்துவர் குறிக்கும் அளவில் கொடுப்பார்கள். தொடக்கத்தில் அது 2 மி.கி.யைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், ஊசியாகவும் இருக்கலாம். ரத்தம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடும். நரம்பு அப்படி இல்லை. மேலும் கெடாமல் நிற்கும், போனது முழுக்கத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரமே என்கிறோம்.

*

என் மகனுக்கு 17 வயது. கையெழுத்து ஒரு வருஷமாகக் கோணலாகிவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. முழு உடல் பரிசோதனையில் ரத்தச் செம்பு 48, செருலோபிளாஸ்மின் 9 என்று இரண்டுமே "குறைவு" என வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் செம்பு மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். நாங்கள் அத்தை மகன், மாமன் மகள் முறையில் கல்யாணம் ஆனவர்கள். மாத்திரை தொடங்கலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

அம்மா, ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்களுக்கு வந்த முதல் சந்தேகம் வில்சன் நோய். அதில் கல்லீரல் செம்பை வெளியே தள்ள முடியாமல் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். அங்கே நிரம்பியதும் மூளைக்குப் போகும். கையெழுத்து மாறுவது, பேச்சு குழறுவது, கை நடுங்குவது, படிப்பில் திடீர் சரிவு எல்லாம் அதன் அடையாளங்கள். பெரும்பாலும் இந்த வயதையொட்டித் தொடங்கும்.

உடம்பில் செம்பு நிரம்பிக் கிடக்கும்போது ரத்தத்தில் ஏன் குறைவு என்று வருகிறது? ரத்தத்தில் ஓடும் செம்பில் பெரும்பங்கு செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு சேர்ந்துதான் ஓடும். வில்சன் நோயில் கல்லீரலால் அந்தப் புரதத்தில் செம்பை ஏற்ற முடியாது. புரதம் குறையும், ரத்தச் செம்பின் எண்ணும் குறையும். உண்மையான செம்புக் குறைவிலும் இதே இரண்டு எண்களும் குறையும். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், மருத்துவமோ நேர் எதிர். ஒன்றுக்குச் செம்பு கொடுக்க வேண்டும், மற்றதற்குச் செம்பை வெளியேற்ற வேண்டும்.

பிரித்துக் காட்டுவது 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள செம்பு. செம்புக் குறைவில் அது குறைவாக இருக்கும், வில்சனில் கூடியிருக்கும். ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நோயின் பக்கம் வலுவாகக் காட்டும். ஆய்வகத்தார் கொடுக்கும் உலோகம் படாத குடுவையில்தான் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவது எல்லாவற்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை பிடியுங்கள். ஒரு தடவை தவறினாலும் எண் பொய்யாகும், மறுபடி தொடங்குங்கள். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் கருவிழி ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் நரம்பியல் அல்லது கல்லீரல் பிரிவுக்கு நேராகப் போங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வரும் நோய். மகனுக்கு உறுதியானால் அவனுடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லாரையும் சோதிக்க வேண்டும். மருந்து இருக்கிறது: பெனிசிலமின், டிரையன்டின், துத்தநாகம். ஆமாம், அப்பத்தாவின் செம்பைக் குறைத்ததாக நாங்கள் சந்தேகிக்கும் அதே துத்தநாகம் இங்கே மருந்து. ஆயுள் முழுக்கப் போட வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. முடிவு தெரியும் வரை ஈரல், நண்டு, இறால், முந்திரி, காளான், சாக்லேட் வேண்டாம். செம்புக் குடத்துத் தண்ணீரும் வேண்டாம்.

*

காலையில் செம்புச் சொம்புத் தண்ணீர் குடித்தால் மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆயா காலத்துச் செம்புத் தவலை, பித்தளை அண்டா எல்லாம் சாமான் அறையில் கிடக்கின்றன. திரும்பப் புழங்கலாமா? ஈயம் பூச வேண்டுமா?
— வாசகி, கானாடுகாத்தான்

தண்ணீருக்கு மட்டும் என்றால் செம்புத் தவலை நல்லதுதான். பெங்களூரில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்தன. அந்தத் தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்கு 0.18 மி.கி. அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 2 மி.கி. ஆகவே பயமில்லை. ஆனால் அதையே மாத்திரைக்கு மாற்றாக எண்ண வேண்டாம். தண்ணீரின் புளிப்பு, உப்பு, வைத்த நேரம், உட்புறம் எவ்வளவு தேய்த்துப் பளபளக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறிக்கொண்டே இருக்கும். செம்பு குறைந்த நோயாளிக்கு அது போதாது.

ஆபத்து புளிப்பில் இருக்கிறது. எலுமிச்சைத் தண்ணீர், மோர், புளிக்கரைசல், ரசம் எதையும் பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ ஊற்றி வைக்காதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் சேர்ந்த மண்டியை அப்படி ஒரு பாத்திரத்தில் மாலை வரை வைத்தால் மேலே நீலப்பச்சை ஓரம் கட்டும். அதைத் தின்றவர்களுக்கு ஒரு மணிக்குள் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் செம்பின் களிம்பு உவமை இந்தப் பச்சையைத்தான் குறிக்கிறது. தேய்த்தாலும் திரும்ப வரும், ஏனென்றால் அது செம்பிலிருந்தே பிறக்கிறது. தவலையின் கழுத்து மடிப்பிலும் மூடி ஓரத்திலும் விரலை விட்டுப் பாருங்கள். பச்சை ஒட்டினால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை அலசி, துடைத்துக் கவிழ்த்து வையுங்கள்.

குழந்தைக்குப் பால் காய்ச்ச இவை வேண்டவே வேண்டாம். பூச்சில்லாத பித்தளையில் காய்ச்சி வைத்த பாலில் செம்பு ஒட்டிக்கொள்ளும். கைக்குழந்தைகளின் கல்லீரலைச் சுருக்கிக் கொன்ற இந்தியக் குழந்தைக் கல்லீரல் நோய்க்கு அந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம் என்று 1980-களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. பால் பாத்திரம் எவர்சில்வருக்கு மாறிய பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது.

சமையலுக்கு எடுக்கப் போகும் பித்தளைக்கு ஈயம் பூசத்தான் வேண்டும். பேச்சில் ஈயம் என்றாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தால் நஞ்சு. விலை குறைவு என்று பற்றவைக்கும் கம்பியை உருக்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அதில் காரீயம் இருக்கும். அதனால் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். காரீயம் மிகுந்ததில் அந்தச் சத்தம் வராது, வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரி கருங்கோடு விழும்.

பூசும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பாத்திரத்தை முதலில் புளியும் மணலும் போட்டுச் செம்மண் நிறம் போகத் தேய்க்க வேண்டும். கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயக் குச்சியை உள்ளே தொட்டதும் அது பாதரசம் போல உருகி ஓட வேண்டும். உடனே பஞ்சால் வழித்து எல்லா இடமும் பரப்புவார்கள். அப்போது எழும் வெண்புகையை மூக்கில் ஏற்றாதீர்கள். ஆறியதும் உள்ளே ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் தீற்றல் தெரிந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை, திரும்பப் பூசச் சொல்லுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ஆகவே பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடுவதோ, எண்ணெய் புகையத் தாளிப்பதோ கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது. அடியில் பித்தளை நிறம் எட்டிப்பார்த்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கும் பழம்பொருள்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்புக்காக மேலே வார்னிஷ் அடித்ததும், ஓட்டையைக் காரீயத்தால் அடைத்ததும் அவற்றில் இருக்கலாம். அவை அலங்காரத்துக்கு, அடுப்புக்கு அல்ல.

*

நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் கிடைக்கிறது. அதுவும் செம்பு உப்புதானே, மிகச் சிறிதளவு சுத்தி செய்து சாப்பிடலாம் என்கிறார் ஒருவர். தாமிர பற்பமும் சொல்கிறார். எது பாதுகாப்பு?
— வாசகர், புதுவயல்

மயில்துத்தத்தை வாயில் வைக்காதீர்கள். மருந்துக்கடை மாத்திரையில் இருக்கும் காப்பர் சல்பேட்டும் வேதியியலில் அதுவேதான், ஆனால் அங்கே மில்லிகிராமில் அளந்து, அழுக்கு நீக்கி அடைத்தது. கடையில் கிடைக்கும் நீலக் கல் தொழிலுக்கும் வயலுக்கும் உரிய தரம். காரீயமும் ஆர்சனிக்கும் எவ்வளவு என்று யாரும் சோதிப்பதில்லை. 2 மி.கி. செம்புக்குத் தேவை 8 மி.கி. கல். சமையலறைத் தராசில் அதை நிறுக்கவே முடியாது. விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை அதைப்போல் பல மடங்கு. தொண்டை எரிச்சலும் நீலப்பச்சை வாந்தியும் முதலில் வரும். அளவு கூடினால் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் நின்றுவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், கல்லின் மிச்சத்தோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப்பொருள் அட்டவணையிலேயே துத்தம் இருக்கிறது.

பெயர்க் குழப்பமும் உண்டு. துத்தநாகம் ஓர் உலோகம், பால்துத்தம் அதன் வெள்ளை உப்பு, மயில்துத்தம் நீலச் செம்பு உப்பு. "துத்தம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

தாமிர பற்பமும் செந்தூரமும் சத்துக்குறைவை ஈடுசெய்யும் பொருள்கள் அல்ல. குறிப்பிட்ட நோய்க்குப் பதிவுபெற்ற சித்த மருத்துவர், துணை மருந்தோடும் பத்தியத்தோடும் குறுகிய காலத்துக்குக் கொடுப்பவை. புடம் சரியாக ஏறாத பற்பம் வாந்தியையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கும் என்பதைச் சித்த மருத்துவர்களே எச்சரிப்பார்கள். நீங்களே வாங்கித் தொடங்க வேண்டாம்.

*

மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே செம்பு கிடைக்க என்ன வழி?
— வாசகி, கோட்டையூர்

பெரும்பாலான வீட்டில் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டு ஈரல் 100 கிராமில் பல மில்லிகிராம் செம்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல் 50 கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய மூன்று நாள் தேவை முடிந்தது. சைவர்களுக்கு எள் இருக்கிறது. 100 கிராமில் 4 மி.கி. ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடியில் ஏறத்தாழ 0.35 மி.கி. முந்திரி 30 கிராமில் 0.65. ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் அரை மில்லிகிராமுக்கு மேல். நண்டும் கணவாயும் வளமானவை. பாலும் வெள்ளைச் சோறும்தான் ஏழை. அவற்றை மட்டும் சாப்பிட்டு நாள் ஓட்டும் முதியவர்களைக் கவனியுங்கள்.

*

இளநரைக்குச் செம்பு மாத்திரை, மூட்டுவலிக்குச் செம்புக் காப்பு. பலன் உண்டா?
— வாசகர், ஆத்தங்குடி

முடிக்கு நிறம் தரும் நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும் என்பது உண்மை. செம்பு குறையாதவருக்கு மாத்திரை கொடுத்து நரை திரும்பியதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. காப்பைச் சோதனை வைத்துப் பார்த்ததில் மூட்டுவலி குறையவில்லை. போட்டுக்கொள்ளப் பிடித்திருந்தால் போடுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

*

மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். ரத்தச் செம்பு இயல்பைவிட அதிகம் என்று வந்திருக்கிறது. பித்தளைப் பாத்திரம்தான் காரணமா?
— வாசகி, நாச்சியாபுரம்

இருக்காது. கர்ப்பத்தில் செருலோபிளாஸ்மின் இயல்பாகவே ஏறும், அதோடு ரத்தச் செம்பும் ஏறக்குறைய இரண்டு மடங்குவரை ஏறும். கருத்தடை மாத்திரை போடுகிறவர்களுக்கும், காய்ச்சலும் வீக்கமும் இருக்கும்போதும் இப்படித்தான். கர்ப்பிணிக்குத் தேவை ஒரு நாளைக்கு 1 மி.கி., பாலூட்டும்போது 1.3. மகப்பேறு மருத்துவர் தரும் சத்து மாத்திரைக்கு மேல் தனியாகச் செம்பு வேண்டாம்.

*

வெள்ளாடு பத்து, ராமநாதபுரம் வெள்ளை செம்மறி இருபது ஒன்றாக வளர்க்கிறேன். குட்டிகள் பின்னங்கால் தள்ளாடியதால் செம்புக் குறைவு என்று மாட்டுக்கான தாது உப்புக் கலவையை எல்லாவற்றுக்கும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு செம்மறி கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், மறுநாள் செத்துவிட்டது. என்ன தவறு?
— வாசகர், திருப்பத்தூர்

நீங்கள் சொல்வது செம்மறியின் செம்பு நஞ்சேற்றத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கலவையை இன்றே எடுத்துவிடுங்கள். மீதிச் செம்மறிகளுக்கும் கல்லீரல் நிரம்பியிருக்கலாம்; அவற்றை விரட்டாமல், வண்டியில் ஏற்றாமல், பட்டினி போடாமல் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். செம்பைக் கட்டி வெளியேற்ற மாலிப்டினம் உப்பு கொடுப்பது அவர் பார்த்து அளக்க வேண்டிய வேலை.

செம்மறியின் கல்லீரல் செம்பை வாங்கும், விடாது. வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மிரட்சியோ பயணமோ பட்டதும் மொத்தமாக ரத்தத்தில் கொட்டி அணுக்களை உடைத்துவிடும். காய்ந்த தீவனம் கிலோவுக்கு 15 மி.கி. செம்பு என்பது செம்மறிக்கு எல்லை. வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் 40. உங்கள் கலவையில் செம்பு 0.1 சதவீதம் என்று வைத்தால் 10 கிராமில் 10 மி.கி. இருக்கும். நாளைக்கு ஒரு கிலோ தீவனம் தின்னும் செம்மறிக்குப் புல்லிலிருந்து வரும் 5, 10 மி.கி.யோடு அதைக் கூட்டிப் பாருங்கள். கோழித் தீவனமும் கோழிக் கழிவும் இன்னும் ஆபத்து, கோழி தாங்கும் அளவு 250.

குட்டி தள்ளாடுவதற்குச் செம்புக் குறைவு ஒரு காரணம்தான். மூட்டு வீக்கம், வைட்டமின் குறைவு, மூளைப்புழு என்று வேறும் உண்டு. இறந்த ஆட்டின் கல்லீரலையும் உயிருள்ள குட்டியின் ரத்தத்தையும் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள். இரண்டு இனத்தையும் தனித்தனிப் பட்டியாகப் பிரித்து, செம்மறிக்கு "செம்பு சேர்க்காதது" என்று எழுதிய கலவையை மட்டும் வையுங்கள்.

மனிதருக்கு உதவாது என்று சொன்ன குப்ரிக் ஆக்சைடு, வெள்ளாட்டுக்கு உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பித் துணுக்காக உறையில் அடைத்து விழுங்க வைத்தால் அது நான்காம் வயிற்றின் மடிப்பில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவையும் அது குறைக்கும். அதையும் எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும்.

கால் குளம்பு அழுகலுக்கு மயில்துத்தக் கரைசலில் நடக்க விடுகிறீர்களா? தாகத்தோடு இருக்கும் செம்மறி அதைக் குடித்துவிடும். தொட்டிக்கு ஓட்டும் முன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், அல்லது நீலக் கல்லுக்குப் பதிலாக 10 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலுக்கு மாறுங்கள். மிஞ்சிய நீலத் தண்ணீரைப் புல் முளைக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.